டாங்க் டிசைன் ஆவடியில், எஞ்சின் சோதனை மைசூருவில்: நடுவில் இருக்கும் பூந்தமல்லிக்கு என்ன கிடைக்கிறது?

ஞாயிறு இரவு பூந்தமல்லி பைபாஸில் பெங்களூரு பஸ்ஸுக்காக லேப்டாப் பையோடு நிற்கும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். நசரத்பேட்டை, தண்டலம், ஆவடி என்று பூந்தமல்லியைச் சுற்றி இன்ஜினீயரிங் கல்லூரிகளுக்குப் பஞ்சமே இல்லை. இங்கேயே படித்து, இங்கேயே பிராஜெக்ட் செய்து, வேலைக்கு மட்டும் 340 கிலோமீட்டர் தள்ளிப் போகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் நிச்சயம் உண்டு.

இதில் வினோதம் என்னவென்றால், பூந்தமல்லியிலிருந்து வடக்கே சுமார் 10 கிலோமீட்டரில் நாட்டின் டாங்க் ஆராய்ச்சி ஆய்வகம் இருக்கிறது. கிழக்கே அம்பத்தூர் தொழிற்பேட்டை. மேற்கே ஸ்ரீபெரும்புதூர், கார்களும் ஐபோன்களும் தயாராகும் இடம். ஆய்வகம், பட்டறை, தொழிற்சாலை என மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஆராய்ச்சி வேலை என்றாலே ஏன் பெங்களூரு ஞாபகம் வருகிறது?

'பெங்களூருவில் கிளைமேட் நல்லா இருக்கும்' என்பது பாதி பதில்கூட இல்லை. ஆராய்ச்சிக்கான ஆட்களும் பணமும் எந்த வழியில் போகிறார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

சக்லாலாவிலிருந்து ஆவடிக்கு

ஆவடி ஆய்வகமே இடம் மாறி வந்த ஒன்றுதான். 1929-இல், இன்றைய பாகிஸ்தானின் ராவல்பிண்டி அருகே உள்ள சக்லாலாவில், ராணுவ மோட்டார் வாகனங்களுக்கான தொழில்நுட்ப அமைப்பாக அது தொடங்கியது. 1947 பிரிவினையில் மகாராஷ்டிராவின் அகமத்நகருக்குப் பெயர்ந்தது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965-இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்க் வெளியே வந்தது. டாங்க் உருவாகும் இடத்தில் அதைப் புரிந்த ஆட்கள் வேண்டும் இல்லையா? அகமத்நகரின் ஒரு பிரிவு ஆவடிக்கு வந்தது. 1970-களின் நடுவில் அந்தப் பிரிவே தனி ஆய்வகமாகி, போர் வாகன ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம், சுருக்கமாக சிவிஆர்டிஇ, ஆனது.

ஆக, ஆவடியில் முதலில் வந்தது தொழிற்சாலை. ஆராய்ச்சி அதைத் தேடிப் பின்னால் வந்தது.

அந்தக் காலத்தில் மேற்குச் சென்னை முழுக்கவே இப்படித்தான் வளர்ந்தது. பாடியில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன். அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ். ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ். இவர்களுக்கு ஜாப் ஒர்க் செய்துகொடுக்க 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. லேத், மில்லிங், ஹீட் ட்ரீட்மென்ட், பிளேட்டிங், டூல் ரூம் என ஒரே தெருவில் எல்லாம் கிடைக்கும். சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் ஜப்பானின் டெமிங் பரிசு வாங்கியதெல்லாம் இந்த மண்ணில்தான்.

ஆனால் இந்த அறிவு பெரும்பாலும் 'எப்படிச் செய்வது' என்ற அறிவு. 'என்ன செய்வது' என்று முடிவெடுக்கும் அறிவு வேறு பக்கம் குவிந்தது.

பெங்களூரு எப்படி முந்தியது?

ஜாம்ஷெட்ஜி டாடா கனவு கண்ட ஆராய்ச்சிக் கல்வி நிலையத்துக்கு மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் கொடுத்தது. 1909-இல் பிறந்தது இந்திய அறிவியல் கழகம். 1940-இல் வால்சந்த் ஹிராசந்த் விமானத் தொழிற்சாலை தொடங்க வந்தபோதும் மைசூர் அரசு பங்கு சேர்ந்தது. அதுதான் இன்றைய ஹெச்ஏஎல். இரண்டே வருடத்தில் அறிவியல் கழகத்தில் விமானப் பொறியியல் துறை திறக்கப்பட்டது. தொழிற்சாலைக்கு ஆள் வேண்டும், ஆளுக்குப் பாடம் வேண்டும். ஒன்றை ஒன்று இழுத்தது.

தனி மனிதர்களும் ஊரை மாற்றியிருக்கிறார்கள். சர் சி.வி.ராமன் படித்தது சென்னை மாநிலக் கல்லூரியில். ஆராய்ச்சி செய்து நோபல் வாங்கியது கொல்கத்தாவில். 1933-இல் பெங்களூரு போனவர் அங்கேயே தங்கிவிட்டார். குரோம்பேட்டை எம்ஐடியில் படித்த அப்துல் கலாம் பயிற்சிக்குப் போனது பெங்களூரு ஹெச்ஏஎல்லுக்கு. 1972-இல் இஸ்ரோ தலைவர் பதவிக்கு சதீஷ் தவனை அழைத்தபோது அவர் போட்ட நிபந்தனைகள் பிரபலம்: அறிவியல் கழக இயக்குநர் பதவியை விடமாட்டேன், இஸ்ரோ தலைமையகம் பெங்களூருவில் இருக்க வேண்டும். மத்திய அரசு ஒப்புக்கொண்டது. ஒரு பேராசிரியர் வீட்டை மாற்ற மறுத்ததால் ஒரு நகரத்துக்கு விண்வெளித் துறையே வந்து சேர்ந்தது என்றுகூடச் சொல்லலாம்.

டிஆர்டிஓ ஆய்வகங்களும் இதே போக்கில்தான். விமானம், ரேடார், ஜெட் எஞ்சின், செயற்கை நுண்ணறிவு என்று பெங்களூருவில் வரிசையாக ஆய்வகங்கள். ஏவுகணை என்றால் ஹைதராபாத். சென்னையில் டிஆர்டிஓவின் பெரிய ஆய்வகம் என்றால் ஆவடி சிவிஆர்டிஇதான். அதிலும் ஒரு பகுதி வேலை பெங்களூருவுக்காக நடக்கிறது. தேஜஸ் போர் விமானத்துக்கான துணை கியர்பாக்ஸ், தபஸ் டிரோனின் லேண்டிங் கியர் ஆகியவை ஆவடியில் உருவான டிசைன்கள்.

பக்கத்துப் பக்கத்தில் பல ஆய்வகங்கள் இருப்பதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. ஒருவருக்கு வேலை பிடிக்கவில்லை என்றால் ஊர் மாறாமல் வேலை மாறலாம். கணவனுக்கு ஒரு லேபில், மனைவிக்கு இன்னொரு கம்பெனியில் வேலை கிடைக்கும். ஆவடியில் டாங்க் சஸ்பென்ஷன் நிபுணர் ஒருவர் வேலையை விட்டால் அதே துறையில் அடுத்த கதவு அதே ஊரில் எத்தனை இருக்கும்? ஆராய்ச்சி ஆட்கள் ஊர் தேர்ந்தெடுக்கும்போது முதல் சம்பளத்தை மட்டும் பார்ப்பதில்லை, இரண்டாவது வேலையையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள்.

ஒரு ஸ்கூட்டரின் பயணம்

இந்தக் கதைக்கு டாங்கைவிட நல்ல உதாரணம் ஒரு ஸ்கூட்டர். ஏதர் எனர்ஜி.

2013-இல் ஐஐடி மெட்ராஸ் முன்னாள் மாணவர்கள் தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் தொடங்கிய கம்பெனி. குழந்தைப் பருவம் ஐஐடி வளாகத்தில். 2014-இல் பிளிப்கார்ட் நிறுவனர்கள் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் 10 லட்சம் டாலர் போட்டார்கள். அவர்கள் இருந்தது பெங்களூரு. 2015-இல் டைகர் குளோபல் 1.2 கோடி டாலர் கொடுத்தது. கம்பெனியும் பெங்களூருவுக்கு மாறியது. 2018-இல் முதல் ஸ்கூட்டர் அங்கேதான் விற்பனைக்கு வந்தது.

அப்புறம் ஒரு திருப்பம். உற்பத்தியைப் பெரிதாக்க வேண்டிய நேரம் வந்தபோது ஏதர் திரும்பவும் தமிழ்நாட்டுக்கு வந்தது. ஆனால் சென்னைக்கு இல்லை, பெங்களூருவிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஓசூருக்கு. 2021-இல் அங்கே ஆலை திறக்கப்பட்டது. 2024-இல் அடுத்த ஆலைக்கு மகாராஷ்டிராவின் சத்ரபதி சம்பாஜிநகரைத் தேர்ந்தெடுத்தது.

மேட்டர் இதுதான்: ஐடியா சென்னை, முதலீடும் டிசைனும் பெங்களூரு, நட்டு போல்ட் முடுக்கும் வேலை ஓசூர். ஓலா எலக்ட்ரிக்கும் இதே டிசைன்தான். தலைமையகம் பெங்களூரு, ஆலை கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி. அதற்கு வெகு காலம் முன்பே டைட்டன் இதைச் செய்துவிட்டது. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து ஆரம்பித்த அந்த கம்பெனியின் வாட்ச் ஆலை ஓசூரில், தலைமையகம் பெங்களூருவில்.

ஓசூருக்கு இதில் நஷ்டமா? அப்படிச் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் ஆலை இடம் மாறுவது சுலபம். எந்த மாநிலம் அதிக மானியம் தருகிறதோ அடுத்த ஆலை அங்கே போகும். சம்பாஜிநகர் அதைத்தான் காட்டுகிறது. டிசைன் டீம் அப்படி நகராது. நூறு இன்ஜினீயர்களின் வீட்டு லோன், பிள்ளைகளின் ஸ்கூல் எல்லாவற்றையும் சேர்த்து நகர்த்த வேண்டும்.

அர்ஜுனுக்கு எஞ்சின் எங்கே?

மறுபடி ஆவடிக்கு வருவோம். அர்ஜுன் டாங்க் திட்டம் 1974-இல் அனுமதி பெற்றது. முதல் வகையில் 124 டாங்க்குகள். 2021 செப்டம்பரில் மேம்பட்ட மார்க் 1ஏ வகையில் 118 டாங்க்குகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டர் ஆவடி தொழிற்சாலைக்குக் கிடைத்தது. அந்தப் பணம் மேற்குச் சென்னையின் சின்னப் பட்டறைகள் வரை இறங்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு.

ஆனால் டாங்க்கின் இதயமான எஞ்சின் ஜெர்மனியின் எம்டியு கம்பெனியுடையது. அது கிடைப்பதில் ஏற்பட்ட இழுபறி டெலிவரியையே தாமதப்படுத்தியது. 50 வருட ஆராய்ச்சிக்குப் பிறகும் எஞ்சினுக்கு வெளிநாட்டைப் பார்க்க வேண்டிய நிலை. இதற்கு மாற்றாகத்தான் சிவிஆர்டிஇ தலைமையில் 1,500 குதிரைத் திறன் கொண்ட உள்நாட்டு எஞ்சின் உருவாகிறது. அது முதன்முதலில் உறுமியது 2024 மார்ச் 20-ஆம் தேதி. இடம்? ஆவடி இல்லை. கர்நாடகத்தின் மைசூருவில் உள்ள பிஇஎம்எல் எஞ்சின் பிரிவு. ஆவடியிலேயே அரசின் எஞ்சின் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது என்பது இங்கே கவனிக்க வேண்டியது.

லடாக் மலைகளுக்காக உருவான ஜோராவர் இலகு ரக டாங்க்கும் அப்படியே. டிஆர்டிஓ தரப்பில் முன்னின்றது ஆவடி ஆய்வகம். வண்டியைக் கட்டியது எல் அண்ட் டி. 2024 ஜூலையில் அது வெளியுலகுக்குக் காட்டப்பட்டது குஜராத்தின் ஹசிராவில்.

இது தப்பா என்று கேட்டால், நாட்டுக்கு இது லாபம்தான். யாரிடம் வசதி இருக்கிறதோ அவர்களிடம் வேலையைக் கொடுப்பதால் ஜோராவர் வேகமாக வந்தது. ஆனால் ஊர்க் கணக்கு வேறு. ஆய்வகம் பக்கத்தில் இருந்தாலே வேலையும் பக்கத்தில் வரும் என்ற பழைய ஃபார்முலா இனி செல்லாது. 2021 அக்டோபரில் பாதுகாப்புத் தளவாட வாரியம் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டபோது, கவச வாகனங்களுக்கான ஏவிஎன்எல் கம்பெனியின் தலைமையகம் ஆவடிக்கு வந்தது. இனி அதுவும் தனியாரோடு போட்டி போட்டுத்தான் ஆர்டர் வாங்க வேண்டும்.

சென்னைக்குள்ளேயே ஒரு சாய்வு

பெங்களூருவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சென்னையின் ஆராய்ச்சி வரைபடத்தை விரித்துப் பாருங்கள். 1948-இல் வந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாறில். 1959-இல் மேற்கு ஜெர்மனி உதவியோடு வந்த ஐஐடி, கிண்டி பக்கம். கணித அறிவியல் நிறுவனம், கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம், சி-டாக் எல்லாம் தரமணி. கடல் தொழில்நுட்பக் கழகம் பள்ளிக்கரணை. 2000-இல் டைடல் பார்க் வந்ததும் தரமணியில். ஆராய்ச்சியும் ஐடியும் தெற்கே. புகைபோக்கிகள் வடக்கேயும் மேற்கேயும்.

2010-இல் தொடங்கிய ஐஐடி மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்கா இந்தச் சாய்வை இன்னும் கூட்டியது. அங்கே இடம் எடுக்கும் கம்பெனிகள் வாடகை மட்டும் கட்டினால் போதாது. ஐஐடி பேராசிரியர்கள், மாணவர்களோடு சேர்ந்து வேலை செய்து அதற்கான 'கிரெடிட்' சேர்க்க வேண்டும் என்பது விதி. புத்திசாலித்தனமான விதி. ராக்கெட் செய்யும் அக்னிகுல் அந்தச் சூழலில் வளர்ந்து சென்னையிலேயே நின்றது அதற்கு நல்ல சாட்சி. டிஆர்டிஓவே கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து ஆய்வு செய்யத் தரமணியில் ஒரு மையம் வைத்தது. ஆவடியில் ஆய்வகம் இருந்தும் கல்லூரித் தொடர்புக்கு அடையாறு ஆற்றைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

மேற்குப் பக்கக் கல்லூரிகளில் மாணவர்கள் எண்ணிக்கை அதிகம். ஆராய்ச்சி நிதி வாங்கி, பிஹெச்டி மாணவர்களை வைத்து, ஒரே பிரச்சினையில் பத்து வருடம் உட்காரும் பேராசிரியர் குழுக்கள் குறைவு. ஒரு ஊருக்கு ஆராய்ச்சிப் பணம் வர அந்தக் குழுக்கள்தான் வாசல்.

புதுப் பணம் எங்கே போகும்?

இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவழிப்பதே கம்மி. 2020-21 கணக்குப்படி ஜிடிபியில் 0.64 சதவீதம். தென் கொரியாவில் இது 5 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. சீனாவில் இரண்டரை சதவீதத்துக்கு மேல். இந்தச் சின்ன இட்லியைத்தான் எல்லா ஊர்களும் பங்கு போட வேண்டும்.

இப்போது இட்லி கொஞ்சம் பெரிதாகிறது. 2023-இல் சட்டம் இயற்றி உருவாக்கப்பட்ட அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் இலக்கு. அதில் பெரும்பகுதி தனியாரிடமிருந்து திரட்ட வேண்டியது. அடுத்து, 2025 நவம்பரில் தொடங்கப்பட்ட ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்க நிதி. இது தனியார் கம்பெனிகளுக்குக் குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடனாகவோ முதலீடாகவோ போகும். அதுவும் ஆய்வகத்தில் 'வேலை செய்யும்' என்று ஓரளவு நிரூபணமான தொழில்நுட்பங்களுக்கு. பாதுகாப்புத் துறையில், ஆராய்ச்சி பட்ஜெட்டின் 25 சதவீதத்தை தொழில்துறை, ஸ்டார்ட்அப், கல்வி நிறுவனங்களுக்குத் திறப்பதாக 2022-23 மத்திய பட்ஜெட் அறிவித்தது.

கவனியுங்கள், இவை எதிலுமே 'இந்த ஊருக்கு' என்று பணம் ஒதுக்கப்படவில்லை. யார் நல்ல புரபோசல் எழுதுகிறார்களோ அவர்களுக்கு. நல்ல புரபோசல் எழுத ஏற்கனவே லேப், ஆள், முந்தைய ரிசல்ட் வேண்டும். இருக்கிற இடத்துக்கே இன்னும் சேரும். ஐஐடி, அறிவியல் கழகம் போன்றவற்றுக்கு இது பிரச்சினையே இல்லை. அம்பத்தூரில் 30 பேரை வைத்து ஜிக், ஃபிக்சர் செய்யும் பட்டறைக்கு புரபோசல் எழுதவே ஆள் இல்லை.

மாநிலங்களுக்கு இடையே போட்டி வேறு. பன்னாட்டு கம்பெனிகளின் திறன் மையங்களான ஜிசிசிகளை இழுக்க, மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சம்பளம் தரும் வேலைகளுக்கு முதல் வருடம் 30, இரண்டாம் வருடம் 20, மூன்றாம் வருடம் 10 சதவீதம் சம்பள மானியம் என்று தமிழக அரசு 2024-25 பட்ஜெட்டில் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் கர்நாடகம் ஜிசிசிக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. 2029-க்குள் 1,000 மையங்கள் இலக்கு.

சரி, பூந்தமல்லிக்கு?

உடனடியாகக் கிடைப்பது வாடகை ஏற்றம். போரூர், மணப்பாக்கம் ஐடி வளாகங்களில் வேலை செய்கிறவர்களுக்குப் பூந்தமல்லி வசதியான படுக்கையறை. 26 கிலோமீட்டர் நீள கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி மெட்ரோ பாதையில் 2025 மார்ச்சில் பூந்தமல்லி – முல்லைத் தோட்டம் சோதனை ஓட்டம் நடந்ததிலிருந்தே ஃபிளாட் விளம்பரங்கள் களை கட்டிவிட்டன. ஹவுஸ் ஓனர்களுக்கு சந்தோஷம், பேச்சலர்களுக்குத் திண்டாட்டம்.

ஆனால் உண்மையான ஆபத்து வாடகையில் இல்லை, பட்டறைகளில் இருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் அம்பிட் பார்க் போன்ற ஐடி வளாகங்கள் வந்து பல வருடம் ஆகிறது. நிலத்தின் மதிப்பு ஏற ஏற, சின்னப் பட்டறைக்காரர் லேத்தை விற்றுவிட்டு இடத்தை வாடகைக்கு விடுவதுதான் லாபம். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆராய்ச்சி என்பது கம்ப்யூட்டர் திரையோடு முடிவதில்லை. டிசைன் போட்டவர் மத்தியானம் டிராயிங் கொடுத்தால் சாயங்காலம் பார்ட் கையில் வர வேண்டும். சரியில்லை என்றால் மறுநாள் காலை மாற்ற வேண்டும். இந்த வேகம் சென்னையின் மேற்கில் இன்னும் இருக்கிறது. ஒரு முறை கலைந்தால் மானியம் கொடுத்து மறுபடி கூட்ட முடியாத சமாச்சாரம் இது.

தைவானின் ஹ்சின்சு இதற்கு நேர் எதிர் உதாரணம். தலைநகர் தைபேயிலிருந்து கிட்டத்தட்ட பூந்தமல்லிக்கும் ராணிப்பேட்டைக்கும் உள்ள தூரம்தான். 1973-இல் அங்கே ஐடிஆர்ஐ என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. 1980-இல் பக்கத்திலேயே அறிவியல் பூங்கா. அதே ஆண்டு அந்த ஆய்வகத்திலிருந்தே யுஎம்சி என்ற சிப் கம்பெனி பிரிந்து போனது. 1987-இல் டிஎஸ்எம்சி. ஆய்வகத்தின் ஆட்கள் டெக்னாலஜியோடு வெளியேறி கம்பெனி தொடங்குவதை அரசே ஊக்குவித்தது. சிப் வேறு, டாங்க் வேறு, ராணுவ ரகசியம் என்று ஒன்று உண்டு என்பதெல்லாம் உண்மைதான். இருந்தாலும் டிஆர்டிஓ தன் காப்புரிமைகளை இந்திய கம்பெனிகளுக்கு இலவசமாகத் திறந்துவிட்ட பிறகும், காகிதம் மதில் சுவரைத் தாண்டுகிற அளவுக்கு ஆட்கள் தாண்டுவதில்லை. டெக்னாலஜி பெரும்பாலும் தலைக்குள்தான் இருக்கிறது, காகிதத்தில் இல்லை.

முயற்சிகளே இல்லை என்று சொல்ல முடியாது. 2024 நவம்பரில் ஆவடியை அடுத்த பட்டாபிராமில் 330 கோடி ரூபாயில் 21 மாடி டைடல் பார்க் திறக்கப்பட்டது. 5.57 லட்சம் சதுர அடி. அங்கே யார் வருகிறார்கள் என்பதுதான் கேள்வி. பாதுகாப்பு ஸ்டார்ட்அப்புகளும் டிசைன் கம்பெனிகளும் வந்தால் கதை வேறு. வழக்கமான பேக் ஆபீஸ் வேலைகள் மட்டும் வந்தால் தரமணியின் பழைய பதிப்பு ஒன்று வடமேற்கில் கிடைக்கும், அவ்ளோதான்.

மெட்ரோ திட்டங்களிலும் இதே குழப்பம் தெரிகிறது. பூந்தமல்லி பாதையைச் சுங்குவார்சத்திரம் வரை சுமார் 28 கிலோமீட்டர் நீட்டவும், கோயம்பேட்டிலிருந்து ஆவடி வழியாகப் பட்டாபிராமுக்கு சுமார் 22 கிலோமீட்டர் புதுப் பாதை போடவும் தமிழக அரசு 2025-இல் ஒப்புதல் கொடுத்தது. இரண்டுமே ஊருக்கு வெளியே இருப்பவர்களை நகரத்துக்கு அழைத்துப் போகும் பாதைகள். ஒன்றில் கல்லூரிகளும் ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளும் இருக்கின்றன. மற்றொன்றில் ஆய்வகமும் டாங்க் தொழிற்சாலையும் இருக்கின்றன. இரண்டையும் குறுக்கே இணைப்பது இப்போதைக்கு நசரத்பேட்டை, பட்டாபிராம் பக்கம் போகும் வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும், எப்போதும் நெரியும் ஆவடி – பூந்தமல்லி ரோடும்தான்.